மொட்டை மாடியில் சுழல்கம்பிக் கோழி: ஒரு பக்கம் கருகித் தொடை வேகாமல் போவது ஏன்?

தண்டையார்பேட்டை மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூடியுடன் கூடிய உருண்டையான கரி அடுப்பு ஒன்று இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. அதன் குறுக்களவு 57 சென்டிமீட்டர். இதுவரை கோழித் துண்டுகளையும் காசிமேட்டில் வாங்கிவரும் வஞ்சிரத்தையும் கம்பி வலையின்மேல் வைத்துச் சுட்டிருக்கிறேனே தவிர, முழுக் கோழியைச் சுட்டுப் பழக்கமில்லை. சென்ற மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த என் அக்காவின் கணவர், இந்த அளவு அடுப்புக்கென்றே செய்யப்பட்ட ரொட்டிசெரி என்னும் சுழல்கம்பித் தொகுப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அடுப்பின் வாயில் பொருந்தும் உயரமான இரும்பு வளையம், நீண்ட கம்பி, கறியை இருபுறமும் குத்திப் பிடிக்கும் இரண்டு கவ்விகள், ஒரு சிறிய மின்மோட்டார் ஆகியவை அதில் இருந்தன. மோட்டார் 120 வோல்ட் என்று எழுதியிருந்ததால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கி அதன்வழியாகத்தான் இணைத்தேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை முதல் முயற்சி. தோல் உரித்த, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கோழி. இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், தயிர், எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். கரியை நன்றாகக் கனியவைத்து அடுப்பின் நடுவில் பரப்பி, அதற்கு நேர் மேலே கோழி சுழலும்படி வைத்தேன். பத்து நிமிடத்திற்குள் கொழுப்பும் மசாலாவும் கரியில் சொட்டித் தீ எழுந்தது. மோட்டார் ஒவ்வொரு சுற்றிலும் பாதி வழியில் முனகி நின்று, பிறகு கோழியைத் தொப்பென்று கீழே விட்டது. முக்கால் மணி நேரத்தில் வெளிப்புறம் ஒரு பக்கமாகக் கருகிவிட்டது. வெட்டிப் பார்த்தால் தொடை எலும்பை ஒட்டிய கறி பச்சையாகவே இருந்தது. நெஞ்சுப் பகுதியோ நார்நாராகக் காய்ந்துபோயிருந்தது. கடைசியில் குழம்பில் போட்டு வேகவைத்துத்தான் சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் என் அப்பாவுக்கு எழுபது வயது நிறைகிறது. பதினான்கு பேர் சாப்பிட வருவார்கள். அப்பாவுக்குப் பற்கள் பலவும் போய்விட்டன. வேகாத தொடையையும் காய்ந்த நெஞ்சுக்கறியையும் அவரால் மெல்ல முடியாது. ஆகவே கடையில் வாங்கிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் என் கையால் சுட்டுக் கொடுக்க விரும்புகிறேன். கரியை எப்படி அடுக்குவது, மோட்டார் ஏன் திணறுகிறது, கோழி வெந்துவிட்டதை எப்படி உறுதிசெய்வது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பெரம்பூர் அடுப்படி எழுதியது:

தம்பி, வணக்கம். நான் பல ஆண்டுகள் ஓர் உணவகத்தில் கோழி சுடும் பெட்டிக்கு முன்னால் நின்று வேலை செய்தவன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் தவறு எங்கே என்று புரிந்துவிட்டது. கரி கோழிக்கு நேர் கீழே இருக்கவே கூடாது.

நம் தெருக்களில் கிரில் சிக்கன் கடையின் கண்ணாடிப் பெட்டியை நீங்கள் ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை கடந்துபோகும்போது நெருப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அது பின்சுவரில் இருக்கும். கோழிகள் அதற்கு முன்னால் சுழலும். கீழே இருப்பது கொழுப்பு வடியும் தட்டு மட்டுமே. கம்பியில் சுழலும் கறிக்கு வெப்பம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும் என்பதே இந்தச் சமையலின் அடிப்படை. கோழியின் ஒவ்வொரு பக்கமும் சில நொடிகள் நெருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. திரும்பியிருக்கும் நேரத்தில் மேல்தோலின் சூடு சற்றுத் தணிந்து, ஏற்கெனவே ஏறிய வெப்பம் மெல்ல உள்ளே இறங்குகிறது. உருகும் கொழுப்பும் சாறும் ஒரே இடத்தில் சொட்டாமல் தோலின்மேல் சுற்றிச் சுற்றி வழிகின்றன. நேர் கீழே நெருப்பிருந்தால் இந்த நன்மைகள் அனைத்தும் போய்விடும். சொட்டிய கொழுப்பு தீப்பற்றி, அந்தப் புகையும் கரியும் கோழியில் படியும்.

உங்கள் அடுப்பில் கம்பி இடமிருந்து வலமாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கரியை முன்பக்கம் ஒரு வரிசையாகவும் பின்பக்கம் ஒரு வரிசையாகவும், கம்பிக்கு இணையாக அடுக்குங்கள். நடுவில் ஒரு அலுமினியத் தட்டை வைத்து அதில் ஒரு விரற்கடை உயரம் தண்ணீர் ஊற்றுங்கள். சொட்டும் கொழுப்பு தண்ணீரில் விழுமே தவிர எரியாது. கரியைத் தனியாகப் பற்றவைத்து, மேலே வெண்சாம்பல் பூத்த பிறகே அடுப்பில் கொட்ட வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள். மூடி போட்டுச் சமைக்கும்போது அந்த வாடை கறியில் தங்கிவிடும்.

மூடியை மூடியே வையுங்கள். பார்க்க வேண்டும் என்ற ஆசையில் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை திறந்தால் உள்ளே சேர்ந்த சூடெல்லாம் வெளியேறி, உங்கள் கணக்கு முழுவதும் தப்பிப்போகும். உள்வெப்பம் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். தோலோடு 1.2 முதல் 1.3 கிலோ வரை எடையுள்ள கோழிக்கு அந்தச் சூட்டில் 70 முதல் 80 நிமிடங்கள் ஆகும். நம் கடைகளில் கிடைக்கும் கரியில் பெரும்பகுதி இராமநாதபுரம் பக்கமிருந்து வரும் சீமைக் கருவேலங்கரி. அது நல்ல சூடு தரும், ஆனால் அரை மணி நேரத்திற்குப் பிறகு தணியத் தொடங்கும். எனவே தனியாக ஒரு சிறிய கும்மட்டியில் கொஞ்சம் கரியைக் கனியவைத்துத் தயாராக வைத்திருந்து, நாற்பதாவது நிமிடத்தில் இரு வரிசைகளிலும் சேர்த்துவிடுங்கள். கறி சுடும் நேரத்தில் பற்றாத கரியைப் போட்டால் கசப்பான புகை வரும்.

பதினான்கு பேருக்குப் பெரிய கோழிகளைத் தேட வேண்டாம். சிறிய கோழிகள் நான்கு வாங்கி, கம்பியில் இரண்டிரண்டாகக் கோத்துச் சுடுங்கள். பெரிய கோழியில் தொடை வேகும்வரை நெஞ்சு காத்திருக்காது.

வியாசர்பாடி பட்டறை எழுதியது:

மோட்டாரைப் பற்றி நான் சொல்கிறேன். லேத் வேலை என் தொழில். நண்பர்களுக்காக இதுபோன்ற சுழல்கம்பிகளைச் செய்தும் கொடுத்திருக்கிறேன்.

முதலில், டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது சரியான செயல். அது இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகியிருந்தால் மோட்டார் எரிந்திருக்கும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டுமே மாற்றும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ் என்ற வேறுபாட்டை மாற்றாது. இவ்வகை மோட்டார்களில் பல மின்சாரத்தின் துடிப்போடு ஒத்துச் சுழல்பவை. ஆகவே நிமிடத்திற்கு 6 சுற்று என்று எழுதியிருந்தால் நம் ஊரில் 5 சுற்றுதான் சுழலும். இதனால் சமையலுக்கு எந்தக் குறையும் இல்லை. நிமிடத்திற்கு மூன்று சுற்று இருந்தாலே போதும். நீண்ட நேரம் ஓடும்போது மோட்டார் மேலும் சூடாகிறதா என்று மட்டும் அவ்வப்போது கவனியுங்கள்.

உங்கள் மோட்டார் திணறுவதற்குக் காரணம் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது. ஒன்றரைக் கிலோ கோழியைத் தூக்க முடியாத அளவுக்கு அந்த மோட்டார் வலுவற்றது அன்று. எடை கம்பியின் ஒரு பக்கத்தில் குவிந்திருந்தால், அந்தப் பக்கம் மேலே ஏறும்போது மோட்டார் முழு எடையையும் தூக்க வேண்டும். உச்சியைத் தாண்டியதும் எடையே மோட்டாரை இழுத்துக்கொண்டு கீழே விழும். நீங்கள் எழுதிய முனகலும் தொப்பென்ற வீழ்ச்சியும் இதுதான். மோட்டாருக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் பிளாஸ்டிக்காக இருந்தால் நான்கைந்து முறையில் பல் உடைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கருகியதற்கும் இதுவே காரணம்: கனமான பக்கம் கீழே விரைவாகச் சென்று, மேலே ஏற முடியாமல் நெருப்பின் முன்னால் அதிக நேரம் நின்றிருக்கிறது.

கோழியைக் கம்பியில் கோக்கும் முன் கட்ட வேண்டும். இறக்கைகளை உடம்போடு ஒட்டி ஒரு சுற்று, கால்களின் நுனிகளை வால்பகுதியோடு சேர்த்து ஒரு சுற்று, பருத்தி நூல்கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். நைலான் கயிறு உருகிவிடும். கட்டாத கோழியின் காலும் இறக்கையும் சுற்றும்போது விரிந்து ஆடும். எடை மாறிக்கொண்டே இருக்கும். நுனிகள் முதலில் கருகும். கம்பியைக் கழுத்து வழியாகச் செலுத்தி வயிற்றுக்குழி வழியாக வெளியே எடுத்து, ஒரு கவ்வியை நெஞ்சுக்கறியிலும் மற்றொன்றைத் தொடைகளிலும் ஆழமாகக் குத்துங்கள். குத்துவது மேலோட்டமாக இருந்தால் கம்பி மட்டும் சுழலும், கோழி சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

பிறகு கம்பியின் இரு முனைகளையும் இரண்டு நாற்காலிகளின் முதுகில் வைத்துக் கையை எடுங்கள். எந்தப் பக்கம் தானாகக் கீழே வருகிறதோ அது கனமான பக்கம். கோழியைச் சற்றுக் கழற்றி அந்தப் பக்கத்தைக் கம்பிக்கு நெருக்கமாகத் தள்ளிக் கோத்துப் பாருங்கள். எந்த நிலையில் திருப்பி விட்டாலும் அந்த நிலையிலேயே நின்றால் சமன் சரி என்று பொருள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்; இதைச் செய்யாமல் ஒருபோதும் அடுப்பில் ஏற்றாதீர்கள். இரண்டு கோழிகளைக் கோக்கும்போது ஒன்றின் நெஞ்சு மேலே பார்த்தால் மற்றொன்றின் நெஞ்சு கீழே பார்க்கட்டும். பெரும்பாலும் அதுவே சமன் செய்துவிடும். அப்படியும் சரிவராவிட்டால் கம்பியின் வெளி முனையில் எதிர்எடை ஒன்றைப் பொருத்தலாம். இதற்கு ஒரு சிறிய இரும்புத் துண்டில் துளையிட்டு, திருகாணி வைத்துக் கொடுத்தால் போதும். எந்த லேத் பட்டறையிலும் செய்து கொடுப்பார்கள்.

கறி வேகும்போது சுருங்கும். அதனால் இருபது நிமிடம் கழித்து மோட்டாரை நிறுத்தி, கவ்வியின் திருகாணிகளைக் குறடால் மறுபடி இறுக்குங்கள். கம்பி கொதிக்கும், வெறும் கையால் தொட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கம்பி போதவில்லை என்று கட்டடத்துக்கு வாங்கிய துத்தநாக முலாம் பூசிய கம்பியையோ குழாயையோ சிலர் பயன்படுத்துகிறார்கள். நெருப்பில் அந்த முலாம் கெட்டுக் கறியில் சேரும். மிகவும் சூடானால் அதன் புகையே உடம்புக்குக் கேடு. துருப்பிடிக்காத எஸ்.எஸ். 304 கம்பியை மட்டுமே உணவுக்குப் பயன்படுத்துங்கள்.

இராயபுரம் சமையலறை எழுதியது:

நெருப்பையும் மோட்டாரையும் பற்றி இருவரும் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். கோழியைத் தயார்செய்வதைப் பற்றி நான் எழுதுகிறேன், தம்பி. உங்கள் அப்பா மெல்ல முடியுமா முடியாதா என்பது அடுப்பில் ஏற்றுவதற்கு முந்தைய நாளே முடிவாகிவிடுகிறது.

நம் ஊரில் கோழிக்கடைக்காரர் கேட்காமலே தோலை உரித்துவிடுவார். குழம்புக்கு அது சரி. சுழல்கம்பிக்குத் தோல் கட்டாயம் வேண்டும். தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்புமே நெஞ்சுக்கறி காயாமல் காக்கும் போர்வை. "தோலோடு வேண்டும், முழுசாக வேண்டும், வெட்டக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர்கள் வெந்நீரில் முக்கி இறகைப் பறித்துத் தருவார்கள். மிஞ்சிய மயிர்களை, நாட்டுக்கோழிக்குச் செய்வதுபோல, வீட்டில் தீயில் லேசாக வாட்டி மஞ்சள் தடவித் துடைத்துவிடலாம். 1.8 கிலோ உயிர் எடையுள்ள கோழி, தோலோடு சுத்தம் செய்த பின் ஏறக்குறைய 1.3 கிலோ வரும்.

அடுத்தது உப்பு. மசாலாவில் கலந்து இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் உப்பு மேலோடு நின்றுவிடும். கோழியின் எடையில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு, அதாவது 1.3 கிலோவுக்கு 16 கிராம் தூளுப்பை எடுத்து, உள்ளும் புறமும் தோலுக்கடியிலும் தடவி, முந்தைய நாள் மாலையே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூடாமல் வைத்துவிடுங்கள். முதலில் உப்பு நீரை வெளியே இழுக்கும். அந்த நீரில் கரைந்து, இரவு முழுவதும் மெதுவாகக் கறிக்குள் திரும்பும். உப்பேறிய கறி வேகும்போது தன் சாற்றை விடாமல் பிடித்துக்கொள்கிறது. கூடவே தோலும் காய்ந்து இறுகிவிடுகிறது. ஈரம் இருக்கும்வரை தோலின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது; சிவந்து மொறுமொறுப்பாவதற்கு ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். ஈரத் தோலோடு ஏற்றினால் அதை உலர்த்துவதிலேயே நெருப்பின் முதல் அரை மணி நேரம் செலவாகிவிடும்.

தயிர் மசாலாவை நான் இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். துண்டுக்கறிக்கு அது அருமையானது. ஆனால் ஒன்றேகால் மணி நேரம் சுழலும் கோழியின்மேல் தயிரும் மிளகாய்த்தூளும் கருகிக் கசக்கும். மசாலாவைத் தோலுக்கு அடியில் வையுங்கள். நெஞ்சின் பக்கமாக விரலை நுழைத்துத் தோலைக் கிழியாமல் மெல்லப் பிரித்தால் ஒரு பை போலாகும். இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சீரகத்தூள், காஷ்மீரி மிளகாய்த்தூள், கொஞ்சம் நெய் ஆகியவற்றைக் குழைத்து அதற்குள் தடவிவிடுங்கள். முந்தைய நாள் உப்பு போட்டுவிட்டதால் இந்த மசாலாவில் உப்பு வேண்டாம். வெளியே கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மட்டும் எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் கலந்து தடவினால் நிறமும் மணமும் வரும்.

வெந்ததை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இளங்கோழியின் எலும்புக்குள் இருக்கும் செந்நிறம் கசிந்து, நன்றாக வெந்த தொடையிலும் எலும்பருகே சிவப்பாகத் தெரிவதுண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் முள்வடிவ வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு, உள்தொடையின் தடித்த பகுதியில் எலும்பிலும் படாமல், சூடான கம்பியிலும் படாமல் குத்திப் பாருங்கள். இரண்டில் எதில் பட்டாலும் தவறான அளவு காட்டும். 74 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டால் கோழி உண்பதற்குப் பாதுகாப்பானது. ஆனால் தொடை மென்மையாக வேண்டும் என்றால் 80 அல்லது 82 வரை விடுங்கள். தொடையிலுள்ள சவ்வு அந்தச் சூட்டில்தான் இளகும். இறக்கியதும் உடனே வெட்டாமல் பதினைந்து நிமிடம் வையுங்கள்.

சுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சைக் கோழியைக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால், அதிலுள்ள கிருமிகள் தண்ணீரோடு தெறித்துப் பக்கத்தில் இருக்கும் காய்கறியிலும் பாத்திரத்திலும் விழும். கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசி, உடனே துடைத்துவிடுங்கள். சமைத்த கறியையும் வெயிலில் நெடுநேரம் வைக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள நாளில் ஒரு மணி நேரமே எல்லை என்பது பொதுவான பாதுகாப்பு விதி. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அப்படிப்பட்ட நாள்கள்தாம். முட்டையைப் பச்சையாக அடித்த மயோனைஸையும் தவிர்த்துவிடுங்கள். புதினாத் துவையலே இதற்குப் பொருத்தமாக இருக்கும்.

பெரம்பூர் அடுப்படி எழுதியது:

இராயபுரம் அம்மா சொன்ன உப்புக் கணக்கை நான் முழுமையாக ஏற்கிறேன். தயிரைப் பற்றி மட்டும் ஒரு சிறு மாற்றுக் கருத்து. நீரை வடித்த கெட்டித் தயிரை மெல்லிய பூச்சாகத் தடவி, நெருப்பிலிருந்து தள்ளிச் சுட்டால் கருகாது. நாங்கள் அப்படிச் செய்ததுண்டு. இருந்தாலும் முதல் முறை செய்பவருக்கு அம்மாவின் வழியே பாதுகாப்பானது.

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் ரயில்வே குடியிருப்பில் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார், கறி வாட்டும்போது சொட்டும் கொழுப்பை வீணாக்கவே மாட்டார்கள். கடைசி அரை மணி நேரத்தில் தட்டிலுள்ள தண்ணீர் வற்றியதும், அரைவேக்காடாக அவித்த சிறிய உருளைக்கிழங்குகளை அதில் பரப்பிவிடுங்கள். உங்கள் அப்பாவின் பற்களுக்கு அது கோழியைவிட இதமாக இருக்கும்.

தண்டையார்பேட்டை மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை கடைத்தெருவில் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். இத்தனை ஆண்டுகளாகக் கண்ணில் பட்டும் கவனிக்காததை நினைத்து வியப்பாக இருந்தது. ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது: அத்தை வீட்டார் ஆட்டுக்கறிதான் விரும்புவார்கள். ஆட்டின் பின்தொடை ஒன்றை முழுதாக இதே கம்பியில் சுட முடியுமா?

புளியந்தோப்பு கறிக்கடை எழுதியது:

எங்கள் குடும்பத்திற்கு இங்கே ஆடு அறுக்கும் கூடமான ஆடுதொட்டியோடு மூன்று தலைமுறைத் தொடர்பு. அதனால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வது முறை.

முடியும், ஆனால் கோழியைப் போல எளிதன்று. வெளிநாட்டுக் காணொளிகளில் சுழல்கம்பியில் சுடுவது கொழுப்பு மிகுந்த இளஞ்செம்மறியின் தொடை. அதை உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே, 60 முதல் 65 டிகிரிக்குள் இறக்கிவிடுகிறார்கள். நம் வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு, நார் அதிகம். அந்தச் சூட்டில் இறக்கினால் உங்கள் அப்பா மட்டுமல்ல, யாராலும் மெல்ல முடியாது. மென்மையாக வேண்டும் என்றால் 85 முதல் 90 டிகிரி வரை போக வேண்டும். ஆனால் அந்தச் சூடு வருவதற்குள் மேற்புறம் வறண்டுவிடும். குழம்பில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் கறி நீரிலேயே கிடக்கிறது.

ஆகவே கடையில் கேட்கும்போது வெள்ளாட்டுக்குப் பதில் இளம் செம்மறியைக் கேளுங்கள். சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களின் மெட்ராஸ் ரெட் என்னும் செந்நிறச் செம்மறி நம் வட்டாரத்து இனம், கறிக்கென்றே வளர்க்கப்படுவது. அதில் இளங்குட்டியின் தொடையாக, ஒன்றேகால் கிலோவுக்கு மிகாமல் வாங்குங்கள். குடலைச் சுற்றி வலைபோல இருக்கும் கொழுப்பையும் கூடவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கடைகளில் மறுக்க மாட்டார்கள். உப்பும் மசாலாவும் தடவிய தொடையை அந்த வலைக்கொழுப்பால் சுற்றிக் கட்டிவிட்டால், அது உருகிக்கொண்டே கறியை நனைத்துவரும்.

பச்சைப் பப்பாளியைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். அதிலுள்ள பால் கறியின் நாரை உண்மையிலேயே இளக்கும். ஆனால் இரவு முழுவதும் ஊறவைத்தால் மேற்பகுதி கூழாகிக் கவ்வியிலிருந்து நழுவிவிடும். ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி விழுது, மூன்று மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். நெருப்பை 150 டிகிரி அளவுக்குத் தணித்து இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் பொறுமையாகச் சுட வேண்டும்.

தொடை ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் மெலிந்தும் இருப்பதால் சமன் செய்வது கோழியைவிடக் கடினம். பட்டறைக்காரர் சொன்ன எதிர்எடை இல்லாமல் முயல வேண்டாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால், விழா நாளில் கோழியை மட்டும் கம்பியில் சுட்டு, ஆட்டுக்கறியைச் சுக்காவாகச் செய்துவிடுவேன். முழுத் தொடையை வேறொரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் செய்து பாருங்கள்.

எண்ணூர்க் கடலோரம் எழுதியது:

மாடியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிற்பகலில் கடற்காற்று ஏறிவிட்டால் நம் பகுதியில் மூடிய அடுப்பின் சூடுகூட ஒரே பக்கமாகத் தள்ளப்படும்; காற்று வரும் கிழக்குத் திசையில் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். அடுப்பின் கால்களுக்கடியில் செங்கல் பரப்புங்கள், இல்லாவிட்டால் மாடியில் பதித்த ஓடு வெடித்து மழைக்காலத்தில் ஒழுகும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் அருகில் இருக்கக் கூடாது. மழை வந்தாலும் அடுப்பைப் படிக்கட்டறைக்குள் இழுக்காதீர்கள். கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, மூடிய இடத்தில் உயிரையே எடுத்துவிடும். அணைந்ததுபோலத் தெரியும் சாம்பலை மறுநாள் மாலைவரை குப்பையில் கொட்டாதீர்கள்.

தண்டையார்பேட்டை மாடிவீடு எழுதியது:

விழா நேற்று நடந்து முடிந்தது. அதற்கு முந்தைய வாரம் ஒரு கோழியை வைத்து ஒத்திகையும் பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

ஒத்திகையில் நாற்காலிகளின்மேல் கம்பியை வைத்தபோது கோழி உடனே நெஞ்சுப் பக்கமாகக் கவிழ்ந்தது. மூன்று முறை கழற்றிக் கோத்த பிறகே சமன் கிடைத்தது. அதன்பின் மோட்டாரின் ஓசையே மாறிவிட்டது. ஒரே சீராக ஓடியது. விழா நாளில் 1.2 கிலோ கோழிகள் நான்கு, இரண்டு தவணையாகச் சுட்டேன். முதல் இணைக்கு 78 நிமிடம் ஆனது. இரண்டாம் இணையை ஏற்றும்போது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. காற்று கிளம்பிவிட்டதால் தகரத் தடுப்பு இருந்தும் 90 நிமிடம் பிடித்தது. ஆகவே கடலுக்கு அருகில் இருப்பவர்கள் கடிகாரத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புவது நல்லது. நான்கிலும் உள்தொடை 81 டிகிரி காட்டிய பிறகே இறக்கினேன். முதல் இணையைப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் மூடி, அடுப்பின் ஓரச் சூட்டில் வைத்திருந்தேன். தோலின் மொறுமொறுப்பு சற்றுக் குறைந்ததே தவிர, கறி காயவில்லை. நடுவில் ஒருமுறை மின்சாரம் நின்றபோது இன்வெர்ட்டர் இணைப்பில் மோட்டார் ஓடியது.

ஒரு தவறும் செய்தேன். தோலுக்கடியில் மசாலா தடவும்போது ஒரு கோழியின் நெஞ்சுத் தோல் கிழிந்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் கறி உலர்ந்து நிறம் மாறியிருந்தது. அடுத்த முறை விரல் நகங்களை வெட்டிவிட்டு, கரண்டியின் பின்புறத்தால் தோலைப் பிரிக்கப்போகிறேன்.

ஆட்டுக்கறியைக் கறிக்கடைக்காரர் சொன்னபடி அம்மா சுக்காவாகச் செய்தார். அப்பா தொடைக்கறியை விரலால் பிய்த்தே சாப்பிட்டார். எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது. தட்டில் வெந்த உருளைக்கிழங்கைத்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். மிஞ்சிய எலும்புகள் இன்று காலையிலிருந்து மிளகு ரசத்துக்காகக் கொதித்துக்கொண்டிருக்கின்றன.